கட்டை

கிளிநொச்சியில் பஸ் ஏறி "155ஆம் கட்டை" என்றால் போதும், சரியான இடத்தில் இறக்கிவிடுவார்கள். கண்டியிலிருந்து எண்ணிக்கொண்டு வரும் ஏ9 வீதியில் 155ஆவது மைல் அது. மைலுக்கு ஒன்றாக நட்டிருந்ததைக் கட்டை என்றார்கள். பிறகு ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் உள்ள தூரமே கட்டை ஆகிவிட்டது. வன்னியில் "ரெண்டு கட்டை நடக்கவேணும்" என்றால் மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட.

வெட்டிய மரத்தின் குறுந்துண்டுதான் இந்தச் சொல்லுக்கு அடிப்படை. விறகுக்கட்டை, கட்டைச்சுவர், கட்டை விரல் எல்லாம் அந்த வழி வந்தவை. தெலுங்கில் விறகுக்குக் கட்டெ என்றே பெயர். மைல் என்பதோ லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்லே'. ரோமர் அதை ஆயிரம் இரட்டைக் காலடியாக அளந்தார்கள். மைலுக்குத் தமிழ் தேடுபவர்கள் காதத்தை எடுப்பதுண்டு. காதம் மைலைவிடப் பல மடங்கு பெரிது, இடத்துக்கு இடம் அளவும் மாறியது. அதைவிட, வாயில் புழங்கும் கட்டையே நல்ல தமிழ் என்பேன்.

யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது அம்மம்மா கேட்டா: "பலாலியில இருந்து சென்னை எத்தனை கட்டை மோனை?"

அந்தக் கணக்கைக் கையாலேயே போடலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. சென்னை விமான நிலையம் வடக்கே 13 பாகை, பலாலி 9.8 பாகை. வித்தியாசம் 3.2. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 192. கடல் மைல் 1852 மீற்றர் என்பதால் இது சுமார் 355 கிலோமீற்றர், தரைக் கட்டையில் 220. 155ஆம் கட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் தூரத்தோடு இன்னும் 65 கட்டை, அவ்வளவுதான். அம்மம்மா நம்பவில்லை.

மணிக்கு 500 கிலோமீற்றர் போகும் சிறிய விமானத்துக்கு இது முக்கால் மணித்தியாலமும் இல்லை. ஆனால் டிக்கெட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போட்டிருக்கும். காரணம், அதில் இருப்பது 'பிளாக் டைம்'. நின்ற விமானம் உருளாமல் சில்லுக்கு முண்டு கொடுக்கும் துண்டைத்தான் பிளாக் என்கிறார்கள். நெல் மூட்டை ஏற்றிய லொறி மேட்டில் நின்றால் பின் சில்லுக்கு என்ன வைப்போம்? கட்டைதான்! ஆகவே பிளாக் டைமுக்குக் 'கட்டை நேரம்' என்றே எழுதலாம்: கட்டை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்துபோய், பறந்து, இறங்கி, மறுபடி கட்டை வைக்கும் வரை. சில்லு தரையை விட்டு எழும்பியதிலிருந்து தொடும் வரை மட்டும் என்றால் 'பறப்பு நேரம்'. இரண்டையும் 'பயண நேரம்' என்று ஒன்றாக எழுதுவதால்தான் குழப்பம்.

வன்னியிலிருந்து வாகனம் பிடித்து ஆட்களைக் கூட்டிவரப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். டிக்கெட்டில் உள்ள வருகை நேரம் கட்டை வைக்கும் நேரம். குடிவரவும் பெட்டி எடுப்பதும் அதற்குப் பிறகுதான்.