நிலவறைத் தரையைப் பெயர்ப்பதற்கு முன்னால்

பழைய வீடு வாங்குகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் நான். யார்க், செஸ்டர் மாதிரி ஊர்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கி.பி. 71 வாக்கில் ரோமானியர்கள் யார்க்கில் எபோரகம் என்ற படைக்கோட்டையைக் கட்டினார்கள். 306இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். அந்தக் கோட்டை எங்கேயும் போய்விடவில்லை, அதன் மேல் மண் ஏறியது, மண்ணின் மேல் வீடுகள் ஏறின, அவ்வளவுதான். இன்றைக்கும் ஸ்டோன்கேட்டிலும் பீட்டர்கேட்டிலும் நடக்கிறவர்கள் ஏறக்குறைய பழைய கோட்டைத் தெருக்களின் தடத்திலேயே நடக்கிறார்கள்.

யார்க் பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் ட்ரெஷரர்ஸ் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். பேராலயப் பொருளாளர்கள் வாழ்ந்த இடம் அது. 1547இல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்ட பிறகு வீடு பல கை மாறி, துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. 1897இல் பிராங்க் கிரீன் என்ற தொழிலதிபர் வாங்கி, மறுபடியும் ஒரே வீடாக்கி, 1930இல் அறைகலன்களோடு நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்தார். இப்போது சட்டப்படி பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறது. அதன் நிலவறைத் தரைக்குக் கீழே ரோமானியச் சாலை ஒன்று போகிறது. 1953இல் அங்கே வேலை செய்த ஓர் இளம் பிளம்பர், சுவருக்குள்ளிருந்து ரோமானிய வீரர்கள் வந்ததைப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்ன கதை ஊரறிந்தது. எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அவர் நிலவறைக்குள் போன காரணம்தான்: ஹீட்டர் குழாய் போட. குழாய், சாக்கடை, ஓதம் (சுவரிலும் தரையிலும் ஊறும் ஈரம்) இந்த மூன்றுக்காகத்தான் இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் மண்ணில் கை வைக்கிறார்கள்.

"வீடு பட்டியலில் இருக்கிறதே, அப்புறம் எல்லாமே பாதுகாப்புத்தானே" என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்கிறார்கள். இல்லை. வீட்டைக் காப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம், மண்ணுக்குள் இருக்கும் தொல்லெச்சங்களுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. மக்கள் குடியிருக்கும் வீட்டைத் தொல்சின்னமாக அறிவிக்க முடியாது, ஆனால் அதே வீட்டின் கீழுள்ள நிலத்தை அறிவிக்கலாம்! அதாவது ஒரே வேலைக்கு இரண்டு அனுமதி தேவைப்படலாம். இதற்கு மேல் யார்க், செஸ்டர், கேன்டர்பரி, எக்ஸிடர், ஹெரிஃபோர்டு ஆகிய ஐந்து ஊர்களின் குறிப்பிட்ட பகுதிகளில், நிலத்தைக் கிளறும் வேலைகளுக்கு ஆறு வாரம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் (சில வேலைகளுக்கு விலக்கு உண்டு). பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. முந்தைய உரிமையாளர் செய்த வேலையைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவு, இப்போது வீட்டை வைத்திருக்கும் உங்கள் கைக்கும் வரலாம்.

சட்டத்தை விட எனக்குக் கவலை தருவது ஓதம்தான். நிலவறைச் சுவர் ஈரமாக இருக்கிறது என்று உள்பக்கம் சிமென்ட் பூசி, தரையில் கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அந்த வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், தரைத்தளத்து உத்தரங்கள் இற்றுப்போகும். பம்பு வைத்து நீரை இறைத்தால் வேறு சேதம். காற்றுப் படாத ஈர மண்ணில் மரமும் தோலும் பல நூற்றாண்டு கெடாமல் கிடக்கும், நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் புகுந்தால் அழுக ஆரம்பித்துவிடும். யாரும் கண்ணால் பார்க்காமலே அழிந்துபோவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். பல நேரம் உண்மையான காரணம் உடைந்த மழைநீர்க் குழாயாகவோ, வெளியே உயர்ந்துவிட்ட தெருத்தரையாகவோ இருக்கும். முதலில் அதைப் பாருங்கள், செலவும் குறைவு.

தலை இடிக்கிறது என்று நிலவறைத் தரையை ஆழப்படுத்துவதும் ஆபத்து. மேலே இருக்கும் சுவர் ஒரு இடத்தில் கெட்டியான ரோமானியக் கட்டுமானத்தின் மேலும், அடுத்த இடத்தில் தளர்ந்த நிரப்பு மண்ணின் மேலும் நிற்கக்கூடும். பேராலயமே கோட்டையின் திசைக்குக் கோணலாகத்தான் நிற்கிறது. அதன் நடுக்கோபுரம் சரியும் நிலைக்கு வந்து, 1967 முதல் 1972 வரை அஸ்திவாரத்தைப் பலப்படுத்தத் தோண்டியபோதுதான் கோட்டையின் தலைமையகம் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த தூண் இப்போது தெற்கு வாசலுக்கு எதிரே நிற்கிறது.

ஆகவே வரைபடம் போடுவதற்கு முன்பே உள்ளாட்சியின் தொல்லியல் அலுவலரிடம் பேசுங்கள். உங்கள் தெருவில் இதுவரை என்ன கிடைத்தது என்ற பதிவேடு அவர்களிடம் இருக்கும். புதுக் குழாயைப் பழைய குழாய்ப் பள்ளத்திலேயே போட முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள், அங்கே மண் ஏற்கெனவே கலைந்திருக்கும். வேலை நடக்கும்போது செதுக்கிய கல்லோ, சிவப்பு ஓட்டுத் துண்டு வரிசையோ தெரிந்தால் எடுத்துக் கழுவாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, போட்டோ எடுத்து, காயாமல் மூடி, வேலையை நிறுத்திவிட்டு அந்த அலுவலருக்கு அன்றைக்கே போன் பண்ணுங்கள்.