கை ஓடாதபோது தாளைக் கறையாக்குங்கள்

வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு எதை வரையலாம் என்று யோசித்தால், நினைவில் மேலாகக் கிடக்கும் படத்தைத்தான் மூளை முதலில் எடுத்துத் தரும். பெரும்பாலும் அது நாம் ஏற்கெனவே வரைந்ததாக இருக்கும். வேண்டாம் என்று தள்ளினாலும் அதுவே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அடுத்தவர் படங்களைப் புரட்டிப் பார்ப்பதும் பல நேரங்களில் உதவாது. ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட சோதனைகளில், மாதிரி வடிவமைப்பைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கியவர்கள் அதன் குறைகளையும் சேர்த்தே தங்கள் வரைபடத்தில் கொண்டுவந்தார்கள்.

பெயர் சொல்ல முடியாத உருவம் ஒன்று கண்முன் கிடந்தால் நிலைமை மாறும். அரைகுறை விளிம்புகளைச் சேர்த்து ஒரு பொருளாகப் படிக்காமல் நம் பார்வை விடாது. கறைபடிந்த சுவர்களை உற்றுப் பார்க்கச் சொன்ன லியோனார்டோ டா வின்சி இதை அறிந்திருந்தார். இங்கிலாந்தின் ஓவிய ஆசிரியர் அலெக்சாண்டர் கோசன்ஸ் 18ஆம் நூற்றாண்டில் நிலக்காட்சிகளுக்காக, தாளில் மைக்கறை தீற்றி அதில் காட்சியைத் தேடும் முறையாக இதையே வகுத்தார். இன்றைய பொருள்களை வைத்து அதைச் செய்வது எளிது.

ஏ4 அளவில் ஆறு தாள்கள், சற்றுத் தடிமனாக, 200 ஜிஎஸ்எம் எடை இருந்தால் போதும். கறுப்பு இந்தியன் இங்க் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒரு கிண்ணத்திலும், கலக்காத இங்க்கை இன்னொன்றிலும் வையுங்கள். தாளைக் கசக்கிப் பிரித்துவிட்டு, ஓர் அங்குலத் தட்டைத் தூரிகையின் காம்பு நுனியைப் பிடித்து, முழங்கையை அசைத்துத் தீற்றுங்கள். ஒரு தாளுக்கு அரை நிமிடம். மலை, ஆற்றங்கரை என்று பொதுவான எண்ணம் ஒன்று இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மூன்றில் ஒரு பங்காவது வெள்ளையாக விடுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்தான். தண்ணீர் கலந்த முதல் பூச்சு காயுமுன் கலக்காத கறுப்பை வைத்தால் இரண்டும் கலந்து ஒரே சாம்பல் நிறமாகிவிடும். விளிம்பு இல்லாத இடத்தில் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது. தாளை மடித்து அழுத்துவதும் கூடாது. இருபுறமும் ஒத்த கறையில் முகமும் வண்ணத்துப்பூச்சியும்தான் தெரியும். அப்படியும் முகமே தெரிந்தால் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். தலைகீழான முகத்தைப் படிப்பதில் மூளை தடுமாறும், அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

காய்ந்தபின் ஆறையும் சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கி, இருளும் ஒளியும் மட்டும் பெரிய திட்டுகளாக நிற்கும். ஒன்றைத் தேர்ந்து அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, கறையில் தெரிவதை மட்டும் பென்சிலால் எடுங்கள். கறை சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்பதில் கோசன்ஸ் கண்டிப்பாக இருந்தார். மிகச் சரியான கண்டிப்பு அது, ஏனென்றால் பழகிய மரமும் பழகிய குடிசையும் நுழைவது இந்த இடத்தில்தான்.

பாதியில் நின்றுபோன ஓவியத்துக்கும் இது பயன்படும். அதைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து அச்சிட்டு, மேலே ஓஎச்பி ஷீட்டை, அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வைத்து, சிக்கிய பகுதியில் மட்டும் கறுப்பு அக்ரிலிக்கால் தீற்றிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ஈரம் காயுமுன் துடைத்துவிடலாம், மூல ஓவியத்துக்குச் சேதமில்லை.