ஆடிக்காற்றில் காற்றாலை ஏன் சும்மா நிற்கிறது?

"கயத்தாறு பக்கம் ஆடிக்காற்று ஆளையே தள்ளுகிறது. ஆனால் சில காற்றாலைகள் அசையாமல் நிற்கின்றன. பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பழுதாகவும் இருக்கலாம். பல சமயம் காரணம் வேறு. மின் தொகுப்பை, அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையை, நடத்துபவர்கள் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

மின் உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். உற்பத்தி மிஞ்சினால் தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைத் தாண்டும், குறைந்தால் இறங்கும். இதற்காக ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 ஆகப் பிரித்து, எந்த நிலையம் எப்போது எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே அட்டவணை போடுகிறார்கள். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுவதும் விளக்கை அணைத்தோமே, அப்போது தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. நேரம் முன்பே தெரிந்ததால் நீர்மின் நிலையங்களைக் குறைத்துச் சமாளித்தார்கள். காற்று அப்படி நேரம் சொல்லிவிட்டு நிற்பதில்லை. அதனால்தான் காற்றின் முன்கணிப்புக்கு இத்தனை மதிப்பு. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது.

சரி, காற்று வரும் என்று தெரிந்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துக் காற்றாலை ஊரான முப்பந்தலில் பிறக்கும் மின்சாரத்தை வடக்கே கொண்டுபோகும் பாதை தாங்குமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மின்னழுத்தம் என்பது நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கும் அலை. முப்பந்தலிலும் சென்னையிலும் அதே 50தான். ஆனால் இரண்டு அலைகளும் ஒரே கணத்தில் உச்சியைத் தொடுவதில்லை. அனுப்பும் ஊரின் அலை கொஞ்சம் முந்தும், வாங்கும் ஊரின் அலை பிந்தும். தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழுப்பவர்கள் காற்றாலை ஊர்கள், தேர் சென்னை. அலைகளுக்கு நடுவே உள்ள கோண வித்தியாசம்தான் வடத்தின் விறைப்பு. காற்று கூடக்கூட, அனுப்பும் மின்சாரம் கூடக்கூட, கோணமும் விரியும். 90 பாகையை நெருங்கவே விடக் கூடாது. தாண்டினால் இரு முனைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து சுழலும் பிடியை இழந்துவிடும்.

இந்தக் கோணத்தை அளப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு முழு அலைக்கு 20 மில்லிநொடி. இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்குள் ஒரே ஒரு மில்லிநொடி பிசகினால் 18 பாகை தப்பாகிவிடும்! அதனால் துணைமின் நிலையங்களில் வைக்கும் பிஎம்யூ என்ற கருவி, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கிறது. பிசகு ஒரு மைக்ரோநொடி என்றால் கோணத்தில் வெறும் 0.018 பாகைதான். நம் நாட்டுத் தொகுப்பில் இது நொடிக்கு 25 அளவுகள் அனுப்புகிறது. பழைய முறையில் சில நொடிகளுக்கு ஓர் அளவுதான் வரும். நடுவில் வடம் எப்படி ஆடியது என்பது தெரியவே தெரியாது.

விறைப்பு தெரியாதவர் பயந்து வடத்தைத் தளர்த்தித்தான் வைப்பார். அந்தப் பயத்துக்கான இடைவெளியும் சேர்ந்துதான் சில காற்றாலைகளை நிறுத்திவைக்கிறது. உண்மையான கோணம் கண்முன் இருந்தால், அந்த இடைவெளியைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் காற்று மின்சாரத்தை அதே பாதையில் அனுப்பலாம். புதுக் கம்பி இழுக்கும் செலவோடு ஒப்பிட்டால் கருவிக்கு ஆகும் செலவு சிறியது.

எனக்கு ஓர் ஆசை உண்டு. பிஎம்யூ அளந்து சேர்த்த பதிவுகளில் பழையவற்றையாவது நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் கேட்டதும் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். ஓர் ஆடி மாதத்துப் பதிவு கையில் கிடைத்தால் போதும், அதில் முனைவர் பட்டத்துக்கே விஷயம் இருக்கிறது.