வெள்ளைச் சுவரில் கறுப்பு எப்படி வருகிறது?

பழைய டிவி கண்ணை மூடியதும் வீட்டில் இரண்டு கட்சி உருவானது. இருக்கிற பணத்துக்கு 55 அங்குல டிவி வாங்குவதா, 100 அங்குலப் படம் காட்டும் புரொஜெக்டர் வாங்குவதா? பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது பத்தாவது படிக்கும் அக்கா மகன் குறுக்கே புகுந்தான். "மாமா, புரொஜெக்டர் வெளிச்சத்தைத்தானே அடிக்குது? அப்போ ஹீரோவோட தலைமுடி எப்படிக் கறுப்பா தெரியுது? கறுப்பு வெளிச்சம்னு ஒண்ணு இருக்கா?"

இல்லை. புரொஜெக்டரால் சுவரில் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், ஏற்கனவே இருப்பதைத் துளிகூடக் குறைக்க முடியாது. தலைமுடி விழ வேண்டிய இடத்துக்கு அது ஏறக்குறைய எதையும் அனுப்புவதில்லை. அங்கே நாம் பார்ப்பது வெறும் சுவர், பகலில் பார்த்த அதே வெள்ளைச் சுவர். பக்கத்தில் முகமும் சட்டையும் பளிச்சென்று இருப்பதால் கண் அதைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்கு அளவுகோல் கிடையாது. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் எதையும் கறுப்பு, வெள்ளை என்று முடிவு செய்யும்.

டிவியின் கதை நேர் எதிர். அணைத்து வைத்த டிவியைப் பாருங்கள்: கரும்பலகை போல இருக்கும். மேலே விழும் அறை வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு, தன் வெளிச்சத்தை மட்டும் வெளியே விடுகிறது. புரொஜெக்டர் திரை பொதுவாக வெள்ளையாகத்தான் இருக்கும், அப்போதுதான் படம் நன்றாகத் திரும்பி வரும். வெள்ளையாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தையும் சேர்த்தே திருப்பி அனுப்பும். ஆள் பார்த்துத் திருப்ப அதற்குத் தெரியாது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 100 அங்குலப் படம் என்பது 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். லுமென் என்பது புரொஜெக்டர் வெளியே விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு. 2000 லுமென் புரொஜெக்டர் அதில் வெள்ளையை நிரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 725 லுமென், அதாவது 725 லக்ஸ். ஹாலில் டியூப்லைட் எரிகிறது, சுவரில் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் வெள்ளை 825, கறுப்பு 100. எட்டு மடங்குதான் வித்தியாசம். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து 500 லக்ஸ் வந்தால் இரண்டரை மடங்குகூடத் தேறாது. கறுப்புச் சட்டை சாம்பல் சட்டையாகிவிடும். விளக்கை அணைத்து, கசிவு 2 லக்ஸுக்கு இறங்கினால் அதே புரொஜெக்டரில் 350 மடங்குக்கு மேல் கிடைக்கும். ஒரு ரூபாய் செலவில்லை. டூரிங் டாக்கீஸ்காரர்கள் பொழுது சாய்ந்த பிறகு முதல் ஆட்டத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான்.

இன்னொரு கணக்கு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. திரையரங்குகளில் திரையின் வெள்ளைக்கு வைத்திருக்கும் தர அளவு 48 நிட் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்தின் அலகு). மேலே சொன்ன 725 லக்ஸ், சாதாரண வெள்ளைத் திரையில் சுமார் 230 நிட் ஆகும். இருட்டான அறையில் 500 லுமென் உண்மையாகவே இருந்தால்கூட அந்தத் திரையரங்கு அளவைத் தாண்டிவிடலாம்.

'உண்மையாகவே' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதலில் நான் ஏமாந்தது அங்கேதான். இணையத்தில் சல்லிசாகக் கிடைத்த ஒரு புரொஜெக்டரில் '9000 லுமென்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வாங்கி, சுவரில் லக்ஸ் மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் 200ஐத் தாண்டவில்லை. முறையான அளவு அன்சி (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) லுமென்: வெள்ளைப் படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்குவார்கள். வெறும் 'லுமென்' என்று மட்டும் எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். '4கே சப்போர்ட்' என்பதும் அப்படித்தான். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம், 4கே ஆகக் காட்டும் என்றல்ல.

சரி, வெளிச்சம் வேண்டாத இடத்துக்கு அனுப்பாமல் இருப்பது எப்படி? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. டிஎல்பி என்ற வகைப் புரொஜெக்டர்களுக்குள் விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லு இருக்கிறது. அதன்மேல் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள். முழு எச்டி என்றால் 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் மயிரிழையின் தடிமனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் லென்ஸ் வழியாகத் திரைக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் பெட்டிக்குள்ளேயே ஒரு கறுப்புத் தகட்டில் விழுந்து சூடாக வீணாகும். இரண்டே நிலை, இடையில் எதுவும் இல்லை. அப்போது சாம்பல் நிறம்? நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அங்கும் இங்கும் சாயும்போது, பாதி நேரம் திரைப் பக்கம் இருந்தால் பாதி வெளிச்சம். கண் அதைக் கூட்டிச் சராசரி எடுத்துக்கொள்ளும். 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் இதை உருவாக்கிய இயற்பியலாளர் லேரி ஹார்ன்பெக்குக்கு 2015இல் ஆஸ்கர் சிலையே கொடுத்தார்கள்.

ஒரு சில்லு மட்டும் உள்ள பெட்டிகளில் நிறங்களும் வரிசையில் நின்றுதான் வரும். சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் துண்டுகள் பதித்த சக்கரம் விளக்கின் முன்னால் சுழலும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்பது சாதாரணம். சட்டென்று கண்ணைத் திருப்பினால் சிலருக்கு வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் கீற்று தெரியும். என் மனைவிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. கடையிலேயே எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மூன்று எல்சிடி பலகைகளில் மூன்று நிறத்தையும் ஒரே நேரத்தில் கலக்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

விளக்கைப் பொறுத்தவரை, பாதரச விளக்கு சில ஆயிரம் மணி நேரத்தில் மங்கும், மாற்ற வேண்டும். லேசர் என்றால் 20,000 மணி நேரம் என்கிறார்கள். தினமும் நான்கு மணி நேரம் பார்த்தாலும் 13 வருடத்துக்கு மேல் வரும். அதற்குள் மின்விசிறியில் தூசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வேறு விஷயம்.

அப்புறம் திரை. மொட்டை மாடியில் எட்டு முழ வேட்டியைப் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்டினேன். அகலம் சுமார் 1.27 மீட்டர், 100 அங்குலப் படத்தின் உயரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வெளிச்சத்தில் கொஞ்சம் துணியை ஊடுருவிப் பின்பக்கம் போய்விடுகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் இடவலம் மாறிய படத்தை ஓசியில் பார்க்கிறார்கள்.

கடைசியில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் பாதி ஜெயித்தது. ஹாலுக்குச் சின்னதாக 43 அங்குல டிவி, மீதிப் பணத்தில் ஒரு நடுத்தரப் புரொஜெக்டர். ஐபிஎல்லில் 3.30 மணி ஆட்டம் என்றால் டிவி. 7.30 மணி ஆட்டம் என்றால் அக்கா மகன் ஏழு மணிக்கே வேட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுகிறான்.