கணக்கு நோட்டில் ரப்பரைத் தொடாதீர்கள்

பருவத் தேர்வு விடைத்தாள் கொடுத்த மறுநாளே பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். "வீட்டுப்பாடம் ஒன்றுகூட விடாமல் செய்கிறாளே, நோட்டு முழுக்க டிக்தானே, பரீட்சையில் மட்டும் ஏன் மிஸ் 60-க்கு 23?" நோட்டை வாங்கிப் புரட்டினால் அவர்கள் சொல்வது உண்மைதான். முத்துமுத்தான கையெழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது, விடைகள் எல்லாம் சரி. பிரச்சினையே அங்கேதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு பருவம் முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறாள், ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை என்றால் அந்த நோட்டில் இருப்பது அவளுடைய கணக்கு இல்லை. கைடு போட்ட கணக்கு, அல்லது டியூஷன் அக்கா போட்டது, அல்லது அப்பா இரவு பத்து மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பரால் அழிக்க வைத்து மறுபடி எழுத வைத்தது.

வீட்டுப்பாடம் என்பது விடையை ஒப்படைக்கும் வேலை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. விடை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், புத்தகத்தின் பின்பக்கத்திலும் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாதது உங்கள் பிள்ளை எந்த வரியில் வழி தவறினாள் என்பது மட்டும்தான்.

−7 − (−3) என்ற சின்னக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விடை −4. ஒரு பிள்ளை −10 என்று எழுதினால், அடைப்புக்குள் இருக்கும் குறியை அவள் கவனிக்கவே இல்லை, −7 − 3 என்று போட்டிருக்கிறாள். இன்னொருவன் 10 என்று எழுதுவான். அவனுக்கு "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பெருக்கல் விதி நன்றாகவே மனப்பாடம், ஆனால் அதைக் கழித்தலில் கொண்டுவந்து வைத்துவிட்டான். மூன்றாவது பிள்ளை 4 என்பாள். அவளுக்கு முறை தெரியும், விடைக்கு முன்னால் குறி போடும் பழக்கம் இல்லை. முதல் பிள்ளைக்கு எண்கோடு வரைந்து காட்ட வேண்டும். இரண்டாமவனிடம் இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். மூன்றாவது பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலே போதும். நீங்கள் ரப்பரை எடுத்து அழித்து −4 என்று எழுத வைத்துவிட்டால் மூன்று பேருக்கும் ஒரே டிக்தான் கிடைக்கும். மூன்று தவறும் அப்படியே தேர்வு அறைக்குள் போகும்.

ஆகவே கெஞ்சியே கேட்கிறேன்: அழிக்காதீர்கள். தவறு என்று தெரிந்தால் அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கும்படி. அடுத்த வரியில் சரியானது. நோட்டு அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

கைடைப் பார்த்து எழுதியது எங்களுக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கைடில் ஒரு அச்சுப்பிழை இருந்தால் அதே பிழை, அதே வரியில், வகுப்பில் பாதி நோட்டுகளில் வந்து நிற்கும். செல்போனில் கணக்கைப் படம் எடுத்து விடை வாங்கினால் ஏழாம் வகுப்பில் யாரும் சொல்லித்தராத வழிமுறை ஒன்று நோட்டில் இருக்கும். "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அந்த நிலையில் பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது சமக்குறி. இதைப் பெற்றோர் யாரும் தவறாகவே பார்ப்பதில்லை, விடை சரியாக வந்துவிடுவதால். ஒரு பேனா 12 ரூபாய், 5 பேனா வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? நோட்டில் இப்படி இருக்கும்: 12 × 5 = 60 − 100 = 40. விடை 40 சரி, டிக் போடு என்பீர்கள். அந்த ஒரே வரியில் இரண்டு பொய் இருக்கிறது. 12 × 5 என்பது 60 − 100-க்குச் சமம் இல்லை. 60 − 100 என்பது 40-உம் இல்லை, −40. இந்தப் பிள்ளை சமக்குறியை "இதோ விடை வருகிறது" என்ற அம்புக்குறியாகப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்று படிப்பதில்லை. ஆறாம் வகுப்பில் இதனால் ஒன்றும் கெடாது. சமன்பாடு வந்ததும் எல்லாம் சரியும்.

3எக்ஸ் + 7 = 22. வீட்டில் நீங்கள் சொல்லித்தருவது: "7 அந்தப் பக்கம் போனால் குறி மாறும்." சரி, 3எக்ஸ் = 15 வந்துவிட்டது. இப்போது 3-ஐ அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். குறி மாறும் என்றுதானே சொன்னீர்கள்? பிள்ளை 15-ஐ −3-ஆல் வகுத்து எக்ஸ் = −5 என்று எழுதுகிறது. இன்னும் சில பிள்ளைகள் 15 − 3 = 12 என்பார்கள். அவர்கள் மேல் குற்றமே இல்லை, நீங்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். எண்கள் எங்கும் போவதில்லை. தராசின் இரண்டு தட்டிலிருந்தும் 7-ஐ எடுக்கிறோம், பிறகு இரண்டு தட்டையும் 3-ஆல் வகுக்கிறோம். இந்த இரண்டு வரியையும் முழுதாக எழுதச் சொல்லுங்கள். எழுதியபின் எக்ஸ் இருந்த இடத்தில் 5-ஐ வைத்துப் பார்க்கட்டும்: 15 + 7 = 22. அரை நிமிட வேலை. தேர்வில் அந்த அரை நிமிடம் முழு மதிப்பெண்ணையும் காப்பாற்றும். குறுக்குவழி பின்னால் தானாக வரும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். டியூஷன் எடுப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

பின்னத்திலும் இப்படித்தான். 2/3 + 1/4 = 3/7 என்று எட்டாம் வகுப்பிலும் எழுதுகிறார்கள். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்க மறந்தது அடுத்த விஷயம். 2/3 என்பது பாதிக்கு மேல், 3/7 பாதிக்குக் கீழ். கூட்டினால் குறையுமா? இந்த ஒரு கேள்வியை விடை எழுதிய கையோடு கேட்கப் பழக்குங்கள். 11/12 என்ற சரியான விடைக்குப் பிள்ளை தானே திரும்பி வரும்.

எவ்வளவு நேரம் உட்கார வைப்பது? 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கை 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேர வீட்டுப்பாடம் என்கிறது. அது எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. கணக்குக்கு 20, 25 நிமிடம் போதும். ஒரே கணக்கில் பத்து நிமிடம் திணறினால் எழுதிய வரை நிறுத்தி, ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். அதுவும் முடித்த வீட்டுப்பாடம்தான். சக ஆசிரியர்களே, அந்தக் கேள்விக்குறிக்குத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த நாளே கைடு வந்துவிடும். "பயிற்சி முழுவதும்" என்று பலகையில் எழுதிப் போகாமல் 5 கணக்கு கொடுங்கள்: இன்று நடத்திய மாதிரியில் இரண்டு, சற்று மாற்றியது இரண்டு, போன பாடத்திலிருந்து ஒன்று. 40 நோட்டையும் வரிவரியாகப் பார்க்க நேரம் இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு கணக்கையாவது முழுதாகப் படியுங்கள். படிக்காமல் போட்ட டிக்கை நம்பித்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள்.

பக்கத்தை எப்படி எழுதுவது என்பதற்கு நீண்ட விதிமுறை தேவையில்லை. தேதி, பயிற்சி எண், கணக்கு எண். வலது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கோடு, பெருக்கல் வகுத்தல் எல்லாம் அதே பக்கத்தில் அந்தக் கட்டத்துக்குள். தனித்தாளிலோ உள்ளங்கையிலோ டெஸ்கிலோ ரஃப் போடாதே. விடைக்கு அலகு எழுது: பரப்பளவு என்றால் ச.செ.மீ., சுற்றளவு என்றால் செ.மீ. வாக்கியக் கணக்கில் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதாமல் பெருக்க ஆரம்பிக்காதே.

வாய்ப்பாட்டை முன்னோக்கி ஒப்பிப்பது மட்டும் போதாது. "56 எந்தெந்த வாய்ப்பாட்டில் வரும்?" என்று திருப்பிக் கேளுங்கள். பின்னத்தைச் சுருக்கவும் மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) காணவும் அதுதான் உதவும்.

வடிவியல் வகுப்புக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் இல்லாமல் வந்து பக்கத்துப் பிள்ளையிடம் கவராயம் கடன் வாங்கினால் இரண்டு பேர் படமும் கெடும். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் வில் வரையும்போதே ஆரம் நழுவி, முக்கோணத்தின் பக்கம் சில மில்லிமீட்டர் தப்பும். வாங்கும்போதே இறுக்கிப் பாருங்கள். கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருப்பதால் 50°-க்குப் பதில் 130° வரைவது வழக்கமான தவறு. அளக்கும் முன் செங்கோணத்தைவிடப் பெரிதா சிறிதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இங்கேயும் ரப்பர் வேண்டாம்: வெட்டும் விற்களை அழித்துவிட்டு முக்கோணத்தை மட்டும் அழகாக விட்டால், கவராயத்தால் வரைந்ததற்கு அடையாளமே இருக்காது.

வகுப்பில் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது இரண்டே விஷயம். ஆசிரியர் பலகையில் விடை எழுதும்போது நோட்டில் உன் தவறான விடையை அழித்து மேலே எழுதாதே, வேறு நிறப் பேனாவில் பக்கத்தில் எழுது. "புரியலை மிஸ்" என்று மட்டும் சொல்லி உட்காராதே. "மூணாவது வரி வரைக்கும் புரிஞ்சது, நாலாவது எப்படி வந்துச்சு?" என்று கேள். எந்த ஆசிரியரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

விடுப்பு எடுத்த நாளுக்கு வாட்ஸ்அப்பில் விடையை வாங்கி எழுத வேண்டாம். அன்று வகுப்பில் போட்ட எடுத்துக்காட்டுக் கணக்கின் படத்தைத் தோழியிடம் கேட்டு வாங்கி, அதை மூடி வைத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பார்த்தபின் வீட்டுப்பாடத்துக்குப் போகலாம்.

தேர்வுக்கு முந்தைய மாலையில் பாடம் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. நோட்டில் கோடு போட்டு அடித்த வரிகளும் ஓரத்துக் கேள்விக்குறிகளும் எங்கெங்கே என்று பார்த்து, அந்தக் கணக்குகளை மட்டும் ஒரு வெள்ளைத்தாளில் மறுபடி போடச் சொல்லுங்கள்.