சாலிட் சவுத் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

1964 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிப் படிக்கும்போது 'சாலிட் சவுத் உடைந்தது' என்ற வரி கண்ணில் படும். சவுத் தெரியும், தெற்கு. சாலிட் என்றால்?

லத்தீனில் சோலிடஸ் என்றால் உள்ளே பொள்ளல் இல்லாத, கெட்டியான என்று பொருள். ரோமானியர்களின் தங்கக் காசுக்கும் அதே பெயர். அந்தக் காசைச் சம்பளமாக வாங்கியவன்தான் பிற்பாடு ஆங்கிலத்தில் 'சோல்ஜர்' ஆனான்! சரி, அது கிளைக்கதை. தேர்தல் பேச்சில் சாலிட் என்றால் ஓட்டு சிதறாமல் மொத்தமாக ஒரே பக்கம் விழுவது.

உள்நாட்டுப் போரில் தோற்ற 11 தென் மாநிலங்களும் 1880 முதல் 1916 வரை ஒரு தேர்தல் விடாமல் ஜனநாயகக் கட்சிக்கே போயின. போரில் வடக்கை வழிநடத்திய லிங்கனின் குடியரசுக் கட்சி மீது அவ்வளவு கோபம். 'சாலிட் சவுத்' என்ற சொற்றொடரை 1876 வாக்கில் பரப்பியவர் ஜான் மோஸ்பி என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், தென்படையில் குதிரைப்படைத் தளபதியாக இருந்த அவர், போருக்குப் பின் குடியரசுக் கட்சிக்காரர்.

தமிழுக்கு வருவோம். 'திடத் தெற்கு' என்றால் வேதியியல் வகுப்பு ஞாபகம் வரும். 'ஜனநாயகக் கட்சியின் கோட்டை' என்று நம் செய்தித்தாள்கள் எழுதும். அதில் கட்சி தெரிகிறது, 11 மாநிலங்களும் ஒரே கட்டாக நின்றது தெரியவில்லை. 'ஒன்றுபட்ட தெற்கு' காதுக்கு இனிமைதான், ஆனால் பொய். 1936 அதிபர் தேர்தலில் தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் 98 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். பதிவான ஓட்டு எவ்வளவு? 17 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருந்த மாநிலத்தில் சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம். கறுப்பின மக்களை எழுத்தறிவுத் தேர்வு, வெள்ளையருக்கு மட்டுமான கட்சித் தேர்தல், ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரி என்று பல வழிகளில் ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவிடாமல் வைத்திருந்தார்கள். யாரோடு யார் ஒன்றுபட்டது?

அதனால் 'ஒருகட்சித் தெற்கு' என்பேன். அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் நடந்ததைச் சொல்கிறது. வெளியேயிருந்து பார்த்தால் ஒரே கட்சி; உள்ளே எத்தனை பேர் ஓட்டுப் போட முடிந்தது என்ற கேள்வியை அது மூடி மறைக்கவில்லை.

1928இலும் 1948இலும் இந்தக் கட்டு விரிசல் கண்டதுண்டு. 1964 வேறு மாதிரி. அந்த ஆண்டு ஜூலை 2 அன்று ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் அதை எதிர்த்து ஓட்டுப் போட்ட பாரி கோல்ட்வாட்டர் குடியரசுக் கட்சி வேட்பாளர். நாடு முழுவதும் ஜான்சன் அலை. அதிபரை முடிவுசெய்யும், மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள் 486க்கு 52. கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை சொந்த மாநிலமான அரிசோனாவும், அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, தென் கரோலினாவும் மட்டும். ரூஸ்வெல்ட்டுக்கு 1936இல் 97 சதவீதம் கொடுத்த மிசிசிப்பி, கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம் கொடுத்தது. ஜார்ஜியா குடியரசுக் கட்சியைத் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் முறை. வடக்கே, 1856 முதல் குடியரசுக் கட்சியை விட்டு அசையாத வெர்மான்ட், அதே நாளில் முதல் முறையாக ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டது.