பீன்ஸ் பானையில் எபசோத்தே: ஏன் கடைசியில் போடுகிறார்கள்?

மெக்சிகோவின் சமையல் மூலிகையான எபசோத்தேயின் இலையைக் கசக்கி முகர்ந்தால், இதையா சமையலில் போடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். மண்ணெண்ணெய் நெடியும் கற்பூர வாடையும் சேர்ந்து அடிக்கும். ஆனால் மெக்சிகோவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் கறுப்பு பீன்ஸ் வேகவைக்கும் வீடுகளில் இது இல்லாமல் முடியாது. சோளத்தை வேகவைத்துச் செய்யும் எஸ்கீத்தேஸிலும், பூசணிப் பூவோ சோளக்கதிரில் வளரும் விட்லகோச்சே காளானோ சீஸுடன் மெல்லிய ரொட்டியில் வைத்து மடிக்கும் கெசடியாவிலும் இதைப் போடுகிறார்கள்.

பீட்ரூட், பாலக், கீன்வா எல்லாம் சேர்ந்த கீரைக் குடும்பத்துச் செடிதான் இது. வாசனை எண்ணெய் இலைக்குள் ஆழத்தில் இல்லை. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் இருக்கிறது. அதனால்தான் லேசாகத் தொட்டாலே விரலில் மணம் ஒட்டிக்கொள்கிறது.

அந்த எண்ணெயில் அஸ்காரிடோல், ஆல்ஃபா டெர்பினீன், பாரா சைமீன், லிமோனீன் போன்றவை இருக்கும். எது எவ்வளவு என்பது செடிக்குச் செடி, ஊருக்கு ஊர் மாறும். எல்லாமே பத்து கார்பன் அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறுகள். தனியாகக் காய்ச்சினால் பெரும்பாலானவை 170 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் நீருடன் சேர்ந்து கொதிக்கும்போது 100 டிகிரிக்குள்ளேயே ஆவியோடு கிளம்பிவிடும். இலையிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளும் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டு மணி நேரம் வேகும் பீன்ஸில் முதலிலேயே இலையைப் போட்டால் மணம் சமையலறைக்குப் போகும், குழம்புக்கு மிஞ்சாது. கடைசி கால் மணி நேரத்தில் ஒரு கொத்து போதும். கெசடியாவில் இந்தக் கவலை இல்லை. இலை சீஸுக்குள் மூடியிருக்கும், கொழுப்பு எண்ணெயைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும்.

அஸ்காரிடோல் ஒரு விசித்திரமான பொருள். அதில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பிணைந்திருக்கின்றன. வலுவில்லாத பிணைப்பு அது. தூய அஸ்காரிடோலைச் சூடாக்கினால் வெடிக்கும். 1944இல் ஷெங்க், ஸீக்லர் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் ஆல்ஃபா டெர்பினீன், ஆக்சிஜன், பச்சையம், வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டே இதைத் தயாரித்தார்கள். இலையில் இருப்பது மிகச் சிறிதளவு என்பதால் பானை வெடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். பிரித்தெடுத்த எண்ணெய்தான் ஆபத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். அளவு மீறியபோது உயிர்கள் போயின.

பீன்ஸினால் வரும் வாயுவை எபசோத்தே குறைக்கும் என்பது பழைய நம்பிக்கை. வாயுவுக்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். அவற்றைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லாததால் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. அந்தச் சர்க்கரையைக் குறைக்க வேண்டுமானால் பீன்ஸை ஊறவைத்து நீரைக் கொட்டுவதுதான் நிச்சயமான வழி. என்னைக் கேட்டால், இலையைச் சுவைக்காகவே போடலாம், அதுவே போதுமான காரணம்.

சரி, சேமிப்பது எப்படி? காம்பைத் தண்ணீரில் நிறுத்தியோ ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தோ சில நாள் காப்பாற்றலாம். உலர்த்தினால் சுரப்பிகள் உடைந்து எண்ணெய் பறந்துவிடும், வெயிலில் இன்னும் வேகமாக. காய்ந்த இலை கஷாயத்துக்கு ஆகும். பீன்ஸுக்குப் போட்டால் பாதி மணம்கூடத் தேறாது. ஃப்ரீசர்தான் நல்லது. குளிரில் எண்ணெய் ஆவியாவது வெகுவாகக் குறையும். பனிப்படிகங்கள் செல்களைக் கிழிப்பதால் இலை கறுத்துத் துவளும், கெசடியாவுக்கு உதவாது. பானைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உருகவிடாமல் அப்படியே போட்டுவிடலாம். நறுக்கி எண்ணெயில் கலந்து ஐஸ் தட்டில் உறைய வைப்பதும் உண்டு. ஆனால் அந்தக் கலவையை ஜாடியில் ஊற்றி அலமாரியில் வைக்கக் கூடாது. காற்றும் புளிப்பும் இல்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரும், வாடையில் அது தெரியவும் தெரியாது.